இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டம்

இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டம் என்பது, இரண்டாம் வகை நீரிழிவு நோய் வரக்கூடிய நிலையில் உள்ளவர்களுக்கு அந்நோயை உணவுக் கட்டுப்பாடு, நடைப்பயிற்சி ஆகிய பழக்கங்களால் தடுக்க இயலுமா, அல்லது அதற்கு மாத்திரை தேவையா என்பதை அறியச் சென்னையில் நடத்தப்பட்ட மருத்துவ ஆய்வு ஆகும். இராயபுரத்தில் அமைந்திருந்த நீரிழிவு ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்த மருத்துவர் ஏ. இராமச்சந்திரன் தலைமையிலான குழுவினர் இதனை மேற்கொண்டனர். இதன் முடிவுகள் 2006 ஆம் ஆண்டில் டயபடாலஜியா என்னும் மருத்துவ ஆய்விதழில் வெளியாயின.

531 பேர் பங்குகொண்ட இவ்வாய்வில், நல்ல பழக்கங்களும் மெட்பார்மின் என்னும் மருந்தும் ஏறத்தாழ ஒரே அளவில் நோயைத் தடுத்தன. இரண்டையும் சேர்த்துக் கையாண்டவர்களுக்குக் கூடுதல் பயன் எதுவும் கிட்டவில்லை. மருந்தின்றிப் பழக்கங்களாலேயே நலமாக இருக்கலாம் என்ற பரவலான கருத்து எந்த நிலையில் உண்மை, எந்த நிலையில் உண்மையன்று என்பதை எண்களைக் கொண்டு விளக்கும் இந்திய ஆய்வுகளுள் இது முதன்மையானது.

பின்னணி

உண்ட உணவிலிருந்து குருதியில் சேரும் குளுக்கோசை உடலின் உயிரணுக்கள் எடுத்துக்கொள்வதற்குக் கணையத்தில் சுரக்கும் இன்சுலின் உதவுகின்றது. இன்சுலின் போதாமையாலோ, அது சரிவரச் செயற்படாமையாலோ குருதியில் குளுக்கோசின் அளவு நிலையாக உயர்ந்திருப்பதே நீரிழிவு நோய். இவற்றுள் பெரியவர்களிடம் மிகுதியாகக் காணப்படுவது இரண்டாம் வகை ஆகும்.

இந்நோய் பெரும்பாலும் திடீரெனத் தோன்றுவதில்லை. அதற்கு முன்னர் குளுக்கோசு தாங்குதிறன் குறைபாடு என்னும் இடைநிலை ஒன்று உண்டு. 75 கிராம் குளுக்கோசைக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துச் செய்யப்படும் சோதனையில், குருதியில் குளுக்கோசு ஒரு டெசிலிட்டருக்கு 140 முதல் 199 மில்லிகிராம் வரை இருந்தால் அது இந்நிலை எனப்படும். 200 அல்லது அதற்கு மேல் இருப்பது நீரிழிவைக் குறிக்கும். இடைநிலையில் உள்ளவருக்குப் பொதுவாக எந்த அறிகுறியும் தெரிவதில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் துணைநின்ற நாடு தழுவிய ஆய்வொன்றின் முடிவுகள் 2023 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டன. இந்தியாவில் ஏறத்தாழ 10.1 கோடிப் பேர் நீரிழிவு நோயாளர் என்றும், 13.6 கோடிப் பேர் அதற்கு முந்தைய நிலையில் உள்ளனர் என்றும் அது மதிப்பிட்டது.

முந்தைய வெளிநாட்டு ஆய்வுகள்

வாழ்க்கைமுறை மாற்றத்தால் நீரிழிவைத் தடுக்கலாம் என்பதைச் சென்னை ஆய்வுக்கு முன்னரே மூன்று ஆய்வுகள் காட்டியிருந்தன.

* சீனாவின் தாச்சிங் நகரில் 1986 ஆம் ஆண்டில் தொடங்கிய ஆய்வில் 577 பேர் பங்கேற்றனர். ஆறு ஆண்டுகளில், அறிவுரை பெறாத குழுவில் 67.7 விழுக்காட்டினருக்கு நோய் வந்தது. உணவுக் கட்டுப்பாட்டுக் குழுவில் இது 43.8, உடற்பயிற்சிக் குழுவில் 41.1, இரண்டும் சேர்ந்த குழுவில் 46.0 விழுக்காடு.
* பின்லாந்தில் 522 பேரிடம் நடத்தப்பட்டு 2001 இல் வெளியான ஆய்வில் நோய் வரும் இடர் 58 விழுக்காடு குறைந்தது.
* ஐக்கிய அமெரிக்காவில் 3,234 பேரிடம் நடத்தப்பட்டு 2002 இல் வெளியான ஆய்வில், பழக்க மாற்றத்தால் இடர் 58 விழுக்காடும், மெட்பார்மினால் 31 விழுக்காடும் குறைந்தன. அங்கு உடல் எடையில் குறைந்தது 7 விழுக்காட்டைக் குறைப்பதும், வாரத்திற்கு 150 நிமிடம் உடற்பயிற்சி செய்வதும் இலக்குகளாக இருந்தன.

இம்முடிவுகளை இந்தியர்களுக்கு அப்படியே பொருத்திப் பார்க்க இயலாத நிலை இருந்தது. அமெரிக்க ஆய்வில் பங்கேற்றவர்களின் சராசரி உடல் நிறைச் சுட்டெண் 34 ஆகும். அதாவது அவர்களுள் பெரும்பாலோர் மிகு உடற்பருமன் உடையவர்கள். இந்தியர்களுக்கோ அவ்வளவு பருமன் இல்லாத நிலையிலேயே, இளம் வயதிலேயே இந்நோய் வருகின்றது. எடை குறைக்க அதிகம் இல்லாதவர்களுக்கும் பழக்க மாற்றம் பயன் தருமா என்ற வினாவுக்கு விடை காண்பதே சென்னை ஆய்வின் நோக்கம்.

ஆய்வு முறை

35 முதல் 55 வயது வரை உள்ள, நீரிழிவு இல்லாத, பணிபுரியும் நடுத்தர வகுப்பு மக்களிடையே சோதனை நடத்தி, இரண்டு முறை செய்த சோதனையிலும் தாங்குதிறன் குறைபாடு உறுதியானவர்கள் மட்டும் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவர்களுள் 421 பேர் ஆண்கள், 110 பேர் பெண்கள். சராசரி உடல் நிறைச் சுட்டெண் 25.8 ஆகும். அவர்கள் நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர்.

* முதற் குழு (136 பேர்): வழமையான பொது அறிவுரை மட்டும் பெற்ற கட்டுப்பாட்டுக் குழு
* இரண்டாம் குழு (133 பேர்): பழக்க மாற்றம்
* மூன்றாம் குழு (133 பேர்): மெட்பார்மின் மாத்திரை
* நான்காம் குழு (129 பேர்): பழக்க மாற்றமும் மெட்பார்மினும்

பழக்க மாற்றம் என்பது எளிய அறிவுரைகளைக் கொண்டதே. உணவின் மொத்த அளவையும், தீட்டிய தானியங்களையும், கொழுப்பையும் குறைத்தல், சர்க்கரையைத் தவிர்த்தல், நார்ச்சத்து மிகுந்த உணவைச் சேர்த்தல், நாள்தோறும் குறைந்தது 30 நிமிடம் விரைவாக நடத்தல் ஆகியன அவை. ஏற்கனவே கடின உடலுழைப்பு செய்வோரும், வேலைக்கு நாள்தோறும் 30 நிமிடத்திற்கு மேல் நடந்தோ மிதிவண்டியிலோ செல்வோரும் அப்பழக்கத்தைத் தொடருமாறு மட்டும் கேட்டுக்கொள்ளப்பட்டனர். அறிவுரையோடு நில்லாமல், தொலைபேசி வழியாக மாதந்தோறும் அவர்களுடன் தொடர்பு கொள்ளப்பட்டது. ஆறு மாதத்திற்கு ஒருமுறை நேரில் சந்திப்பும் நடந்தது.

மருந்துக் குழுவினருக்கு நாளொன்றுக்கு இருமுறை 250 மில்லிகிராம் மெட்பார்மின் வழங்கப்பட்டது. இது அமெரிக்க ஆய்வில் தரப்பட்ட அளவில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

முடிவுகள்

மூன்று ஆண்டுகளில் நீரிழிவு நோய் கண்டவர்களின் விழுக்காடு பின்வருமாறு:

* கட்டுப்பாட்டுக் குழு: 55.0
* பழக்க மாற்றக் குழு: 39.3
* மெட்பார்மின் குழு: 40.5
* இரண்டும் சேர்ந்த குழு: 39.5

கட்டுப்பாட்டுக் குழுவோடு ஒப்பிடுகையில், பழக்க மாற்றத்தால் நோய் வரும் இடர் 28.5 விழுக்காடும், மருந்தால் 26.4 விழுக்காடும், இரண்டாலும் 28.2 விழுக்காடும் குறைந்தன. ஒருவருக்கு நோய் வராமல் தடுக்க, ஏறத்தாழ ஆறு அல்லது ஏழு பேர் மூன்று ஆண்டுகள் பழக்கங்களை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது இதன் பொருள்.

இம்முடிவுகளில் மூன்று செய்திகள் கருதத்தக்கவை. முதலாவது, பழக்க மாற்றக் குழுவினரின் உடல் எடை குறிப்பிடத்தக்க அளவு குறையாமலேயே இப்பயன் கிட்டியது. எடை குறையவில்லை என்பதால் நடைப்பயிற்சி வீண் எனக் கொள்வது தவறு என்பதை இது காட்டுகின்றது. இரண்டாவது, பழக்கங்களை மாற்றிய பின்னரும் நூற்றுக்கு 39 பேருக்கு நோய் வந்தது. ஆகவே நல்ல பழக்கம் இடரைக் குறைக்குமே அன்றி முற்றாக நீக்குவதில்லை. மூன்றாவது, இந்தியர்களிடம் நோய் மிக விரைந்து முன்னேறுகின்றது. அமெரிக்க ஆய்வில் எவ்விதச் சிறப்புத் தலையீடும் பெறாத குழுவில் மூன்று ஆண்டுகளில் நோய் கண்டவர்கள் 28.9 விழுக்காட்டினர் மட்டுமே. சென்னையில் பழக்கங்களை மாற்றிய குழுவின் அளவே இதனினும் கூடுதல்.

செலவு

ஒருவருக்கு நோய் வராமல் தடுப்பதற்கான நேரடி மருத்துவச் செலவும் கணக்கிடப்பட்டு 2007 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. பழக்க மாற்றத்திற்கு 1,052 அமெரிக்க டாலரும், மெட்பார்மினுக்கு 1,095 டாலரும், இரண்டும் சேர்ந்ததற்கு 1,359 டாலரும் ஆயின. இரண்டையும் சேர்ப்பதால் செலவு கூடுகின்றதே தவிரப் பயன் கூடுவதில்லை.

செயற்படும் விதம்

நடக்கும்போதும் உழைக்கும்போதும் சுருங்கி விரியும் தசைகள், இன்சுலினின் துணையின்றியும் குருதியிலிருந்து குளுக்கோசை எடுத்துக்கொள்கின்றன. உழைப்பு முடிந்த பின்னரும் பல மணி நேரத்திற்குத் தசைகள் இன்சுலினுக்கு நன்கு இசைந்து செயற்படுகின்றன. இவ்விளைவு இரண்டு மூன்று நாள்களில் மறைந்துவிடுவதால், உடற்பயிற்சி அடிக்கடி செய்யப்பட வேண்டியதாகின்றது. நார்ச்சத்து மிகுந்த உணவு மெதுவாகச் செரிப்பதால், உண்டபின் குளுக்கோசு திடீரென உயர்வது குறைகின்றது. மெட்பார்மின் முதன்மையாக, கல்லீரல் குளுக்கோசை உருவாக்கி வெளிவிடுவதைக் குறைக்கின்றது.

தொடர் ஆய்வுகள்

இதே குழுவினர் நடத்திய இரண்டாம் திட்டத்தின் முடிவுகள் 2009 இல் வெளியாயின. இதில் 407 பேரும் பழக்க மாற்ற அறிவுரை பெற்றனர். அவர்களுள் ஒரு சாராருக்குப் பயோகிளிட்டசோன் என்னும் மருந்தும், மறு சாராருக்கு மருந்தில்லாப் போலி மாத்திரையும் தரப்பட்டன. மூன்று ஆண்டுகளில் மருந்துக் குழுவில் 29.8 விழுக்காட்டினருக்கும், போலி மாத்திரைக் குழுவில் 31.6 விழுக்காட்டினருக்கும் நோய் வந்தது. மருந்தால் கூடுதல் பயன் இல்லை என்பதை இது மீண்டும் காட்டியது.

2013 இல் வெளியான மற்றோர் ஆய்வு, நினைவூட்டலின் ஆற்றலைச் சோதித்தது. 537 ஆண்களுள் ஒரு பகுதியினருக்கு உணவு, நடை பற்றிய குறுஞ்செய்திகள் கைப்பேசிக்குத் தொடர்ந்து அனுப்பப்பட்டன. இரண்டு ஆண்டுகளில் செய்தி பெற்றவர்களுள் 18 விழுக்காட்டினருக்கும், பெறாதவர்களுள் 27 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு வந்தது.

சென்னையில் மற்றொரு குழுவினர் 578 பேரிடம் நடத்தி 2016 இல் வெளியிட்ட ஆய்வில், முதலில் பழக்க மாற்றமும், தேவைப்பட்டவர்களுக்குப் பின்னர் மெட்பார்மினும் தரப்பட்டன. இடர் 32 விழுக்காடு குறைந்தது. எனினும், வெறும் வயிற்றில் எடுக்கும் அளவு மட்டும் உயர்ந்திருந்தவர்களிடம் பயன் மிகக் குறைவாகவே இருந்தது.

எல்லா ஆய்வுகளும் ஒரே முடிவைத் தரவில்லை. கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1,007 பேரிடம் நடத்தப்பட்டு 2018 இல் வெளியான ஆய்வில், அண்டை அயலார் குழுக்களாகக் கூடி ஒருவரை ஒருவர் ஊக்குவித்தனர். இரண்டு ஆண்டுகளில் இக்குழுக்களில் 14.9 விழுக்காட்டினருக்கும், ஏனையோருள் 17.1 விழுக்காட்டினருக்கும் நோய் வந்தது. இவ்வேறுபாடு புள்ளியியல் நோக்கில் உறுதியானதன்று. ஆயினும் பங்கேற்றோரிடம் காய்கனி உண்ணல் கூடியது. புகையிலைப் பயன்பாடு குறைந்தது.

மருந்தை நிறுத்துதல் பற்றிய தவறான புரிதல்

இவ்வாய்வு நோய் வருமுன் உள்ள நிலையை மட்டுமே ஆராய்ந்தது. நோய் வந்துவிட்டவர்கள் மாத்திரையையோ இன்சுலினையோ விட்டுவிட்டுப் பழக்கங்களை மட்டும் நம்பலாம் என்று இதிலிருந்து முடிவு செய்ய இயலாது. சிகிச்சையற்ற நீரிழிவு கண், சிறுநீரகம், நரம்பு, இதயம் ஆகியவற்றை அறிகுறியின்றியே பாதிக்கக்கூடியது. முதலாம் வகை நீரிழிவு உள்ளவர்கள் இன்சுலினை நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகும்.

பிரித்தானியாவில் நடத்தப்பட்டு 2017 இல் வெளியான ஆய்வொன்றில், நோய் வந்து ஆறு ஆண்டுகளுக்கு மேற்படாதவர்கள் கடும் உணவுக் கட்டுப்பாட்டால் எடையைக் குறைத்தனர். அவர்களுள் 46 விழுக்காட்டினர் ஓராண்டு முடிவில் மருந்தின்றி நோய் தணிந்த நிலையில் இருந்தனர். அங்கும் மருந்து நிறுத்தப்பட்டது மருத்துவக் கண்காணிப்பில், தொடர் சோதனைகளுடன் ஆகும். எஞ்சியோருக்கு அந்நிலை கிட்டவில்லை என்பதும் நோக்கத்தக்கது.

பொன்னேரி, பழவேற்காடு வட்டாரத்தில் பொருத்தம்

இவ்வாய்வின் பங்கேற்பாளர்கள் நகரத்தில் பணிபுரிந்தோர். உடலுழைப்பை வாழ்வாகக் கொண்ட ஊர்களுக்கு இதன் அறிவுரைகளைக் கொண்டுசெல்லும்போது சில வேறுபாடுகளைக் கருத வேண்டியுள்ளது. சென்னைக்கு வடக்கே, திருவள்ளூர் மாவட்டத்தின் பொன்னேரி வட்டத்தில் உள்ள பழவேற்காடு ஏரிக்கரை மீனவக் குப்பங்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். பழவேற்காடு ஏரி, சிலிக்கா ஏரிக்கு அடுத்ததாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி ஆகும்.

வலை இழுத்தல், படகைத் தள்ளுதல், மீன் கூடை சுமத்தல், இருளர் மக்கள் ஏரி நீரில் அமர்ந்து கையால் இறால் தடவிப் பிடித்தல் ஆகியன கடும் உழைப்பு. இவர்களுக்குத் தனியே நடைப்பயிற்சி தேவையில்லை. செய்துவரும் உழைப்பைத் தொடருமாறு ஆய்வு கூறிய அறிவுரையே பொருந்தும். ஆனால் இவ்வுழைப்பு நாள்தோறும் ஒரே சீராக அமைவதில்லை. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் வழங்கும் பாடு முறையில், இறால் வலை கட்டும் இடங்கள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளப்படுகின்றன. முறை இல்லாத நாள்களும், புயல் எச்சரிக்கையால் கடலுக்குச் செல்லாத நாள்களும் ஓய்வு நாள்களாகின்றன. முதுமையாலோ, வேறு தொழிலுக்கு மாறுவதாலோ உழைப்பு நின்றுவிடுவதும் உண்டு. உழைப்பு நின்ற பின்னரும் உழைத்த காலத்துச் சோற்றின் அளவு குறையாதிருப்பின் இடர் கூடும். இத்தகைய நாள்களில்தான் 30 நிமிட நடை தேவைப்படுகின்றது.

உணவில், மீன் சிறந்த புரத உணவு. சிக்கல் பெரும்பாலும் அதனுடன் உண்ணும் சோற்றின் அளவிலேயே உள்ளது. நியாயவிலைக் கடைகளில் கிடைப்பது தீட்டிய அரிசி. சோற்றின் அளவைக் குறைத்து, கீரை, காய்கறி, பயறு வகைகளைச் சேர்ப்பதும், கேழ்வரகு போன்ற சிறுதானியங்களை இடையிடையே உண்பதும் ஏற்ற மாற்றங்களாகும். கேழ்வரகைக் கூழாகக் காய்ச்சும்போது அது விரைவில் செரிக்கும் என்பதால் அதற்கும் அளவு உண்டு. கருவாட்டில் உப்பு மிகுதி. நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கின்றது. கருவாட்டை நீரில் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டுச் சமைப்பதால் உப்பு ஓரளவு குறையும்.

ஏற்கனவே நீரிழிவு உள்ள மீனவர்கள் வேறு இரண்டு செய்திகளிலும் கவனமாக இருக்க வேண்டும். இன்சுலின் எடுப்பவர்களும், கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளை உண்பவர்களும் உணவின்றி இரவு முழுதும் உழைத்தால் குருதியில் குளுக்கோசு ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும். வியர்வை, நடுக்கம், மயக்கம் ஆகியன இதன் அறிகுறிகள். படகில் சர்க்கரையோ இனிப்போ வைத்திருப்பதும், மருந்து உண்ணும் நேரத்தை மருத்துவரிடம் கேட்டு அமைத்துக்கொள்வதும் இன்றியமையாதவை. மற்றொன்று பாதம். நரம்பு பாதிக்கப்பட்டவர்களுக்குச் சேற்றில் உள்ள சிப்பி கிழித்த காயம் வலி தராது. கவனிக்கப்படாத சிறு காயம் புண்ணாகிக் காலையே இழக்கும் நிலைக்குக் கொண்டுசெல்லக்கூடும். கரை திரும்பியதும் பாதங்களைக் கழுவித் துடைத்துப் பார்ப்பது செலவில்லாத ஒரு நற்பழக்கம்.

அரசின் முயற்சிகள்

தமிழ்நாடு அரசு 2021 ஆகத்து 5 அன்று மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தைத் தொடங்கியது. இதன்கீழ் உயர் குருதி அழுத்தமும் நீரிழிவும் உள்ளவர்களின் வீட்டிற்கே பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் மாத்திரைகளைக் கொண்டுசேர்க்கின்றனர். மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதையை அமைக்கும் நடப்போம் நலம் பெறுவோம் என்னும் திட்டம் 2023 நவம்பர் 4 அன்று தொடங்கப்பட்டது. முன்னது நோய் வந்தவர்கள் மருந்தைத் தவறவிடாமலிருக்கவும், பின்னது ஏனையோர் நடைப்பழக்கத்தை மேற்கொள்ளவும் உதவுகின்றன.

ஆய்வின் வரம்புகள்

ஆய்வு 35 முதல் 55 வயதினரை மட்டுமே உள்ளடக்கியது. பெண்களின் எண்ணிக்கை குறைவு. மூன்று ஆண்டுகள் என்பது, மாரடைப்பு, இறப்பு ஆகியவை குறைந்தனவா என்பதை அறியப் போதுமான காலம் அன்று. இவ்வினாவுக்குத் தாச்சிங் ஆய்வின் 30 ஆண்டுத் தொடர் கண்காணிப்பு ஓரளவு விடை தருகின்றது. 2019 இல் வெளியான அதன் முடிவுகளின்படி, பழக்கங்களை மாற்றியவர்களுக்கு நோய் வருவது சராசரியாக 3.96 ஆண்டுகள் தள்ளிப்போனது, இதய, குருதிக்குழாய் நோய் நிகழ்வுகள் 26 விழுக்காடு குறைந்தன, ஆயுள் 1.44 ஆண்டுகள் கூடியது.

தாங்குதிறன் குறைபாட்டுக்கு அறிகுறி இல்லாததால், சோதனை செய்துகொள்ளாத ஒருவர் தாம் எந்த நிலையில் உள்ளார் என்பதை அறிய வழியில்லை. பழக்கம் மட்டும் போதுமா, மருந்தும் வேண்டுமா என்பதற்கான விடை அச்சோதனையிலிருந்தே தொடங்குகின்றது.

இவற்றையும் பார்க்கவும்

* நீரிழிவு நோய்
* இன்சுலின்
* மெட்பார்மின்
* பழவேற்காடு ஏரி
* பொன்னேரி